வலது கால் புலி

நறுவிலிமேடு வனச்சரகத்தின் நான்காவது புலி, துணி காயப்போடும் கொடியில் பிறந்தது. அது பிறந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வனவர் பர்னபாஸ், இன்னொருவர் வனக்காவலர் கொம்பையா. பிறந்தது தெரியாமலே இருவரும் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். 1997 ஜனவரியில் புலிக் கணக்கெடுப்பு. அந்தக் காலத்தில் யாரும் புலியைப் பார்த்து எண்ணுவதில்லை, காலைப் பார்த்து எண்ணுவார்கள். ஈர மண்ணில் தடம் கண்டால் அதன் மேல் ஒரு கண்ணாடிச் சட்டத்தை வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் சுற்றி வரைந்து, பிறகு அதை டிரேசிங் தாளில் நகலெடுக்க வேண்டும். பின்னங்கால்களில் இடது கால்தான் கணக்கில் சேரும். வேறுவேறாக எத்தனை இடது கால் கிடைக்கிறதோ அத்தனை புலி. வலது காலையும் வரைந்து வைப்பார்கள், ஒத்துப்பார்க்க மட்டும். நாலு விரலில் ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் முந்தி நிற்கும். அது நிற்கும் பக்கத்தை வைத்து இடமா வலமா என்று சொல்லிவிடலாம்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்தும் மழை ஓயவில்லை. முகாமுக்குள் தண்ணீர் வந்து தாள்கள் நனைந்துவிட்டன. கொம்பையா அவற்றைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டார். காய்ந்தபோது கோடுகள் வெளிறி, ஈரம் துடைத்ததில் பென்சிலால் எழுதியிருந்த இடப்பெயர்கள் அழிந்திருந்தன. பர்னபாஸ் பொறுமையாக உட்கார்ந்து எல்லாத் தாளிலும் மறுபடி மையோட்டினார். பெயர்களைத் தாள் இருந்த வரிசைப்படி ஞாபகத்திலிருந்து எழுதினார். கொடியில் ஓரிரண்டு தாள் இடம் மாறியிருந்தது அவருக்குத் தெரியவில்லை. அதில் ஒரே ஒரு தாளை மட்டும் பின்பக்கமாகத் திருப்பி வைத்து ஓட்டிவிட்டார். ஊடுருவித் தெரியும் தாளில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது? வலது கால் இடது காலாகிவிட்டது. அந்தக் காலில் எப்போதோ முள் தைத்து ஒரு விரல் கோணியிருந்தது. அதனால் சரகத்திலிருந்த மூன்று புலிகளின் இடது காலோடும் அது ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாவிட்டால் புதுப் புலி. தாளின் ஓரத்தில் பர்னபாஸ் எழுதிய இடம்: ஊத்துப்பாதை ஓடை.

சரகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். ரேஞ்சர் ஜெயராம் பூந்தியும் காராச்சேவும் வாங்கி வரச்சொல்லி ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர். வாத்தியார்கள் நிறைந்த குடும்பம், அந்தக் குடும்பத்துப் புத்தி இவருக்கும் உண்டு. எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நிம்மதி. இரண்டு மாதம் முன்பு மேலிடத்திலிருந்து ஒரு பச்சைப் புத்தகம் வந்திருந்தது. 'நமது கொள்கைகளும் விழுமியங்களும்' என்று தலைப்பு. மொத்தம் ஏழு. ஜெயராம் அதை மனப்பாடமே செய்துவிட்டார். பெயிண்டரை வரவழைத்து அலுவலகச் சுவரில் எழுதவைத்தார், நறுவிலிமேடு பால்வாடிச் சுவரிலும் எழுதவைத்தார். எழுதியது நல்ல பெயிண்ட். சுத்தமான தமிழ். ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. ஏழு கொள்கைகளையும் ஒரே நாளில் கடைப்பிடிக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று மட்டும் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஊத்துப்பாதை என்பது நறுவிலிமேட்டு ஊருக்கும் கீழே அணைக்கட்டுப் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில், காட்டின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும் இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப்பாதை. ஊரின் இருபத்திரண்டு பிள்ளைகள் அந்த வழியாக இறங்கித்தான் உயர்நிலைப் பள்ளிக்கூடம் போனார்கள். சுற்றுச்சாலையில் போனால் ஒன்பது கிலோமீட்டர், பஸ்ஸும் கிடையாது. புதுப் புலியின் தடம் அந்த ஓடையில் கிடைத்ததாக அறிக்கை போனதும் பிப்ரவரி முதல் வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. பொதுமக்கள் செல்லத் தடை. பாதையின் வாயில் குறுக்கே மூங்கில் தடுப்பு, அதற்கு ஒரு பூட்டு. சாவி பர்னபாஸிடம்.

உத்தரவில் ஆறாவது கொள்கையை மேற்கோள் காட்டியிருந்தார்கள்: 'ஐயம் எழும் இடத்தில் காட்டின் பக்கமே நிற்போம்.' நாலாவது கொள்கை 'மக்களைக் கேட்காமல் முடிவெடுப்பதில்லை' என்பது. அதை யாரும் மேற்கோள் காட்டவில்லை.

ஊரில் வனக்குழுத் தலைவி பாக்கியவதி. பீடி சுற்றுகிறவள், ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். போன வருஷம் ஊரின் எல்லாப் பெண்களையும் விறகுக்குக் காட்டுக்குள் போகாமல் நிறுத்தியவள் அவள்தான். வனத்துறையோடு ஊர் போட்ட ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்து அவளுடையது. 'நம்மளைக் கேட்காமல் அவுக எதையும் மூட மாட்டாக, அவுகளைக் கேட்காமல் நாம உள்ளே போவ மாட்டோம்' என்று வீடு வீடாகச் சொன்னாள். பாதையை மூடிய பிறகுதான் அவளுக்குத் தகவல் போனது. அப்போதும் அவள் சண்டைக்கு வரவில்லை. பொதுக்குழாயடியில் நின்று, "புலியப் பாத்திருக்காகளாம். அவுக பொய் சொல்ல மாட்டாக. பிள்ளையள அனுப்பாதீய" என்று தானே சொன்னாள். இதைக் கொம்பையா வந்து சொன்னபோது பர்னபாஸுக்குப் பெருமையாக இருந்தது.

இருபத்திரண்டில் பதினொரு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதில் ஏழு பெண்கள் பத்தாம் வகுப்பு. மார்ச் கடைசியில் அரசுத் தேர்வு. நின்ற பெண்களின் மடியில் மறுநாளே பீடித் தட்டு ஏறிவிட்டது. மீதிப் பதினொரு பேரில் ஒருத்தியான பாக்கியவதியின் மகள் முப்பிடாதி விடியுமுன்னே கிளம்பி ஒன்பது கிலோமீட்டர் நடந்து, போய்ச் சேர்ந்ததும் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம், தாள்களை அடுக்கிக் கோப்பில் கட்டும்போது, பர்னபாஸ் நான்காம் புலியின் தாளை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். ஒரு காரணமும் இல்லை, தூசி தட்டுவதற்காகத்தான். சாய்ந்த வெயிலில் தாளில் பென்சில் அழுத்திய பள்ளம் தெரிந்தது. எழுத்துகள் தலைகீழாக இல்லை, கண்ணாடியில் தெரிவதுபோல் பக்கம் மாறி இருந்தன. தாளைத் திருப்பினார். அவர் கையெழுத்துதான். 'தேவர்பாறை. வலது பின்.'

தேவர்பாறை மலைக்கு மேலே, ஊத்துப்பாதையிலிருந்து பதினாறு கிலோமீட்டர். அங்கே சுற்றும் கிழட்டு ஆண்புலி ஏற்கெனவே கணக்கில் உண்டு. பர்னபாஸ் மறுபடி திருப்பினார், மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். எத்தனை முறை திருப்பினாலும் புலி மூன்றுதான்.

அவர் மணப்பாட்டுக்காரர். அப்பா, பெரியப்பா எல்லோரும் வள்ளம் ஓட்டியவர்கள். வேலை கிடைத்து மலைக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் காட்டில் தனியாக நடக்க அவருக்கு உள்ளூர நடுக்கம். ஆனால் தப்பு செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு, உள்ளே இருக்கும் சாமியாரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் நாலு ஜெபம் சொல்லச் சொல்வார், சொன்னால் முடிந்தது. எழுந்து வரும்போது உடம்பு லேசாகிவிடும். அந்த நம்பிக்கையில் தாளைச் சுருட்டிக்கொண்டு ரேஞ்சர் அறைக்குப் போனார்.

ஜெயராம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் ஒருமுறை சிவந்து அடங்கியது. பிறகு பச்சைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"மூணாவது கொள்கை, வே. 'தவறினால் மறைக்க மாட்டோம்.' நீரு மறைக்கலை. நல்ல காரியம் பண்ணினீரு. இன்னைக்கே மேல எழுதிருவோம்."

"பாதையைத் தொறந்திரலாமா சார்?"

"இரும். மூடினது அவங்க. நாம தொறக்கப்பிடாது. பதில் வரட்டும்."

பர்னபாஸுக்கு உடம்பு லேசாகவில்லை. பதில் வரப் பத்து நாளாயிற்று. பிழையை ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது என்று முதல் வரி. இரண்டாவது வரியில், 'எனினும் அப்பாதையில் புலி இல்லை என்பதற்கு அறிவியல் சான்று வந்து சேரும்வரை ஆறாவது கொள்கையின்படி தடை தொடரும்.' ஜெயராம் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். கொம்பையா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"புலி இருக்குன்னு சொல்ல ஒத்தைக் கால் போதும் சார்," என்றார் பர்னபாஸ். "இல்லைன்னு சொல்ல எதை வரைஞ்சு அனுப்ப? வெறுந்தாளையா?"

"அதான் எனக்கும் விளங்கலை, வே."

"இல்லாதது தடம் போடாதுல்லா சார்."

"ரெண்டாவது கொள்கை சான்றில்லாம முடிவில்லைங்குது. மூடினதுக்கு இப்பச் சான்றில்லை. தொறக்குறதுக்கும் சான்றில்லை." ஜெயராம் புத்தகத்தை மூடி அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டார். "ஆறாவது, சந்தேகம்னா காட்டுப் பக்கம்ங்குது. சந்தேகம் இருக்கா, இல்லையா? நீரே சொல்லும்."

பர்னபாஸ் யோசித்தார். நேர்மையாகச் சொன்னால், இருந்தது. மலையில் மூன்று புலி உண்டு. அதில் ஒன்று நாளைக்கே ஊத்துப்பாதைக்கு இறங்காது என்று அவரால் எப்படி எழுதிக்கொடுக்க முடியும்?

"காட்டுல எந்த நாளு சந்தேகம் இல்லாம இருந்திருக்கு சார்," என்றார் கொம்பையா. "எங்க அப்பன் காலத்துலயும் புலி உண்டு. பிள்ளையளும் நடந்துதான் போச்சு."

அடுத்த ஜனவரிக் கணக்கெடுப்பில் அந்த ஓடையில் தடம் இல்லையென்றால் அதையே சான்றாக அனுப்பலாம் என்று ஜெயராம் முடிவு கட்டினார். தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஜனவரிக்குப் பத்து மாதம்.

"ஊர்ல சொல்லட்டுமா சார்? தப்பு என்னோடதுன்னு?"

ஜெயராம் ஜன்னலைப் பார்த்தார். கெட்ட மனுஷரில்லை. குழம்பிப்போன மனுஷர், அவ்வளவுதான். "சொல்லும்னும் சொல்லலை, சொல்லாதேயும்னும் சொல்லலை, வே," என்றார்.

இப்படி ஒரு உத்தரவை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? பர்னபாஸ் இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. சொன்னால், பாதை இன்னும் மூடித்தான் இருக்கும், துறையின் மீதிருந்த நம்பிக்கையும் போகும். சொல்லாவிட்டால் நம்பிக்கை இருக்கும், பொய்யின் மேல் இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் ஏழு கொள்கையில் ஒன்று காலை இடறியது. மூன்றாம் நாள், ஏழு பெண்களில் ஒருத்தியைக் கடையத்தில் மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடக்கிறது என்று கொம்பையா சொன்னார். பர்னபாஸ் சைக்கிளை எடுத்தார்.

பாக்கியவதி வீட்டு வாசலில், மடியில் தட்டோடு இருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை இலை நறுக்கும் கத்தரி நிற்கவில்லை. மையோட்டியது, திருப்பி வைத்தது, தேவர்பாறை, மேலிடத்துப் பதில், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நம்பும்படியாக இல்லை.

"அப்ப அங்கன புலி வரலை."

"வரலை. அன்னைக்கு வரலை. இனி வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது, பாக்கியக்கா."

"அதை யாரு கேட்டா?" கத்தரி நின்றது. "சார், எம்மவ ஒரு மாசமா காலு வீங்கி வந்து நிக்கா. நான் அவகிட்ட, 'அவுக பாத்திருக்காகட்டி, நமக்கு நல்லதுக்குத்தான்'னு சொல்லுதேன். தெனமும் சொல்லுதேன்."

அவள் குரல் உயரவில்லை. பர்னபாஸுக்குத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"என்னை மன்னிச்சிருங்க," என்றார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிராதீய. புலி இருக்குன்னு நான் குழாயடியில நின்னு சொன்னேன். இல்லைன்னு நீங்க அங்கன நின்னு சொல்லணும். நான் சொன்னா, நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு பேசுதான்னு எம்மேல ஏறுவாக."

இதைப் பர்னபாஸ் எதிர்பார்க்கவில்லை. தொட்டியில் சாமியார் முகம்கூடத் தெரியாது. இங்கே முப்பது குடம், முப்பது முகம். காக்கிச்சட்டையோடு குழாயடியில் நின்று, தாளை உயர்த்திப் பிடித்து, முதலில் இந்தப் பக்கம் காட்டினார், பிறகு அந்தப் பக்கம் காட்டினார். பாதிப்பேருக்குப் புரியவில்லை. புரிந்த ஒருத்தி சிரித்தாள், சிரிப்பு குடத்துக்குக் குடம் பரவியது. சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது.

"எம்பிள்ள படிப்ப நிறுத்திட்டேனே," என்றாள் ஒருத்தி. "ஒரு தாளத் திருப்பி வச்சதுக்கா?"

"இது பொய்யின்னா, விறகு வெட்டுனா மலையில தண்ணி வத்தும்னியளே, அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எது மெய், எது பொய்யின்னு நாங்க எப்படிக் கண்டோம்?"

இதற்குப் பதில் பச்சைப் புத்தகத்தில் இருந்ததாகப் பர்னபாஸுக்கு ஞாபகமில்லை. "தெரிஞ்சதைத் தெரிஞ்சதுன்னு சொல்லுதேன்," என்றார் கடைசியில். "தண்ணி வத்தும். அது தெரியும். ஊத்துப்பாதையில அந்தப் புலி வரலை. அதுவும் தெரியும். பாதை எப்பத் தொறக்கும்னு தெரியாது. உத்தரவு அப்படியேதான் இருக்கு."

குடங்கள் நகர்ந்தன. பாக்கியவதி மட்டும், "தெரியாதுன்னு இப்பத்தான் மொதத்தடவ சொல்லுதிய" என்றாள். அது பாராட்டா குத்தலா என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரோந்துப் பதிவேட்டோடு பாதை வாயிலுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம், ஊர்ப் புறத்தில், இருபத்திரண்டு பிள்ளைகளும் பைக்கட்டோடு நின்றார்கள். படிப்பை நிறுத்திய ஏழு பெண்களும் இருந்தார்கள், யூனிபாரம் தாவணி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து. அவர்களுக்குப் பின்னால் பெண்கள். முன்னால் பாக்கியவதி. கொம்பையா ஏற்கெனவே வந்து, ஓரமாக நின்றார்.

"பாக்கியக்கா, உத்தரவு இருக்கு."

"தெரியும் சார்."

"நேத்தே சொன்னேன்லா."

"சொன்னிய."

மூங்கில் தடுப்பு இடுப்பளவுதான். குனிந்தால் சின்னப் பிள்ளைகூடப் போய்விடலாம். பக்கத்தில் புதருக்குள்ளும் வழி உண்டு, ஆடு போகிற வழி. பர்னபாஸ் வருவதற்கு முன்பே அவர்கள் போயிருக்கலாம். அவரும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்திருப்பார். உண்மையைச் சொன்னால், ராத்திரியெல்லாம் அவர் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்.

"குனிஞ்சு போயிருக்கலாமே," என்றார் மெதுவாக.

பாக்கியவதி அவரை நேராகப் பார்த்தாள். "உங்களக் கேக்காம உள்ள கால் வைக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்லா. அதான் கேக்கோம்."

அவர்கள் உடைத்துக்கொண்டு போயிருந்தால் பர்னபாஸ் அரசாங்க ஊழியர், அவர்கள் மீறியவர்கள், எழுத ஒரு வரி இருந்தது. அவர்கள் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார்கள். கேட்காமல் மூட மாட்டோம் என்று துறை கொடுத்த வாக்கு இன்னொன்று இருந்தது, அது இந்தப் பக்கத்தில் இருந்தது. அவருக்குப் பயம் வந்தது. குறிப்பாணை வரும், இடமாற்றம் வரும், அதைவிட மோசமாக, போகிற வழியில் உண்மையாகவே ஏதாவது வந்து நிற்கும். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? காட்டின் பக்கம் நிற்பது என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு எதிரே நிற்பதுதானா? தேவமாதாவே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். விளங்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தார். விளங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

சாவியை எடுத்தார். பூட்டில் நுழைத்துத் திருப்பினார். கொம்பையா வந்து மூங்கிலைத் தூக்கிப் பிடித்தார்.

"கொம்பையா, தகரத்தைத் தட்டிச் சத்தங்காட்டிக்கிட்டு நீரு பின்னால வாரும். பிள்ளையள் சிதறாம நடுவுல. முன்னால நான் போறேன்," என்றார் பர்னபாஸ். சொன்ன பிறகுதான் யார் முன்னால் போவது என்பது அவருக்கே உறைத்தது.

போவதற்கு முன் பதிவேட்டைத் தடுப்புக்கட்டை மேல் விரித்து எழுதினார். 'இன்று காலை 7.20. ஊத்துப்பாதை பள்ளி மாணவர்களுக்காக என்னால் திறக்கப்பட்டது. தடை உத்தரவு அமலில் இருப்பதை அறிவேன். தடத்தாளில் பிழை செய்தவனும் நானே. தினமும் காலை மாலை நானே உடன் செல்வேன்.' கீழே கையெழுத்திட்டார். காரணம் என்ற கட்டத்தில் ஏதாவது ஒரு கொள்கையின் எண்ணை எழுதலாமென்று பார்த்தார். எதை எழுதினாலும் இன்னொன்று முறைத்தது. கட்டத்தைக் காலியாகவே விட்டார்.

"என்ன எழுதுதிய?" என்று கேட்டாள் பாக்கியவதி.

படித்துக் காட்டினார். அவள் முழுதும் கேட்டாள். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"இதுல நீங்க கையெழுத்துப் போட வேண்டாம், அக்கா. மெமோ வந்தா எனக்குத்தான் வரும்."

"அதுக்குத்தான் கேக்கேன்." அவள் பேனாவை வாங்கி, அவர் பெயருக்குக் கீழே, பீடி சுற்றித் தடித்த விரல்களால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பாக்கியவதி, தலைவி, வனக்குழு. எழுதி முடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "தொறக்கச் சொன்னது நாங்க, தொறந்தது நீங்க. கேட்டா ரெண்டு பேரும்னு சொல்லுங்க."

பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பதிவேட்டில் பர்னபாஸின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் வந்ததில்லை. பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி முப்பிடாதி, பாத்துப் பைய போ," என்றாள் பாக்கியவதி. "சார் பின்னாலயே போ."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பயத்தோடு, பாதையில் முதல் அடி வைத்தார்.